களவாணி காவலனான கதை

எங்கள் ஆச்சிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி வந்த எந்தப் புத்தகமும் அவளுடைய விசாரணைக்குத் தப்பியதில்லை. 1980-களின் கடைசியில் ஒரு நாள், நாலணா வாடகைக்கு நான் வாங்கி வந்த பழைய லயன் காமிக்ஸ் ஒன்றை அவள் பிடுங்கி, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்பு உடை, கூரிய காது, கையில் ஒரு விசித்திரத் துப்பாக்கி.

"ஏலே, இது என்ன, பேயா?"

"பேயில்ல ஆச்சி, ஸ்பைடரு. எட்டுக்கால் பூச்சி மாதிரி வலை விட்டு ஆளப் பிடிப்பான். மொதல்ல களவாணியா இருந்தான். இப்ப நல்லவனாயிட்டான்."

"நல்லவனாயிட்டான்னு யாருல சொன்னா? அவனே சொல்லிக்கிட்டானா?"

அன்று இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்பைடரின் பூர்வோத்தரமெல்லாம் தெரிந்த பிறகு, ஆச்சி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள் என்று தோன்றுகிறது.

ஸ்பைடர் பிறந்தது லண்டனில், 1965 ஜூன் மாதம், 'லயன்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில். டெட் கோவன் எழுத, ரெக் பன் படம் வரைந்தார். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்பதுதான் அவனுடைய லட்சியம். பூட்டுத் திறப்பதில் மன்னனான ஆர்டினி என்பவனையும், பெல்ஹாம் என்ற கெட்டுப்போன விஞ்ஞானியையும் சேர்த்துக்கொண்டு, நியூயார்க்கில் நகை கொள்ளையடிக்கப் புறப்பட்டான். வலைத் துப்பாக்கி, வானத்தில் பறக்கும் 'ஹெலிகார்' முதலிய சாமான்கள் வேறு. இப்படிப்பட்டவன் மூன்றாவது தொடர்கதையிலிருந்து மெல்ல மெல்லப் போக்கை மாற்றிக்கொண்டு, தன்னைவிடப் பெரிய கொடியவர்களை எதிர்க்கத் தொடங்கினான். அப்படி மாற்றியவர் ஜெர்ரி சீகல்.

இந்தப் பெயரைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். 1938-ல் அமெரிக்காவில் சூப்பர்மேனை, ஓவியர் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சிருஷ்டித்தவர் இவர்தான். உலகத்தையே ஆட்டிவைத்த அந்தப் பாத்திரத்தின் உரிமையை இருவருமாக 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு பல்லாண்டு வழக்காடினார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயதைத் தாண்டி, லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பெயர் போடாமல் கதை எழுதிக் கொண்டிருந்தார்! அந்நாளில் அங்கே கதாசிரியர் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. தன் ஜீவிதத்தை மறுபடி நிலைநாட்ட வேண்டிய நிலையில் இருந்தவர் கையில், தன்னை நிலைநாட்ட வேண்டிய ஒரு களவாணி அகப்பட்டான். இரண்டு பேருடைய கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதாக நினைப்பது எழுத்தாளனுக்கே உள்ள பலவீனமாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஸ்பைடர் நல்லவனானது கருணையால் அல்ல, கர்வத்தால். போலீஸ்காரர்களைத் தோற்கடிப்பது அவனுக்குப் பிள்ளை விளையாட்டாகிவிட்டது. திருந்திய பிறகும் தற்பெருமை மட்டும் போகவில்லை. எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். 1969-ல் லண்டனில் அவனுடைய தொடர் நின்றது. 1974-ல் அந்தப் பத்திரிகையும் நின்றுவிட்டது.

பத்து வருஷம் கழித்து அவன் சிவகாசியில் வந்து இறங்கினான். சிவகாசியை வேற்றூராக நாங்கள் நினைப்பதில்லை. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும் வரை அது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான். அங்கே சௌந்தரபாண்டியன் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி ஏற்கெனவே கொடி நாட்டியிருந்தான். அவனும் லண்டன் சரக்கு, அவனும் ஆதியில் கெட்டவன்தான். கையை இழந்து, மின்சாரம் பாய்ந்து, உருவம் மறையும் சக்தி வந்ததும் முதலில் அவன் இறங்கியது அட்டூழியத்தில். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி மாடஸ்டி என்ற வீராங்கனை. ஆனால் அதே வருஷம் 'எத்தனுக்கு எத்தன்' என்ற இதழில் வந்த ஸ்பைடர்தான் பையன்களைப் பைத்தியமாக அடித்தான். பின்னால் 'நீதிக்காவலன் ஸ்பைடர்' என்றே ஓர் இதழ் வந்தது. அந்த இரண்டு தலைப்புக்கும் நடுவில் அவனுடைய சரித்திரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. சொந்த நாட்டில் மவுசு அடங்கிப் பதினைந்து வருஷமானவன் எங்கள் தாமிரபரணிக் கரையில் புத்தம் புதிய வீரனாக உலாவியது வேடிக்கைதான்.

மீண்டும் ஆச்சியிடம் வருகிறேன். அவள் அளவுகோல் பாபநாசம் மலைமேல் இருந்தது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குப் பக்தர்கள் செருப்புக் காணிக்கை கட்டுவதை ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். இந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணப் பிள்ளை; காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைக் கண்டு மயங்கினான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை செருப்புத் தைப்பவன். 'பெண் கேட்கிறீரே, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, எங்கள் தொழிலையும் செய்து காட்டும்' என்று நிபந்தனை போட்டான். பட்டன் அப்படியே செய்தான். செருப்புத் தைத்துக் கொண்டுவந்து காட்டினான். கல்யாண இரவிலேயே மாட்டுக் கிடையைக் கள்ளர்கள் மடக்கினார்கள் என்று செய்தி வர, தனியாகப் போய்ப் போராடி, மறைந்திருந்தவன் குத்த, மாண்டான். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, அந்தப் பெண்களைப் பிறப்பால் பிராமணப் பெண்களாகவே மாற்றிவிட்ட பிற்காலச் சரடு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். செய்துகாட்டியவனைக்கூட விட மனமில்லாத ஊர் இது!

ஆச்சி அன்று இரவு சோறு போடும்போது கேட்டாள்: "பட்டவராயன் செருப்புத் தச்சான், மாட்டுக்காக உசிர விட்டான், சாமியானான். ஒன் எட்டுக்கால் பூச்சி என்னத்தல விட்டான்?"

"அவன் சாக மாட்டான் ஆச்சி. செத்துட்டா அடுத்த மாசம் புஸ்தகம் வராதே."

அவள் சிறிது யோசித்தாள். "அப்பம் பாவந்தான். மாசா மாசம் நல்லவன்னு காட்டிக்கிட்டே கெடக்கணுமே."

மறு மாதம் நான் அடுத்த புத்தகத்தோடு வீட்டுக்குள் நுழையும்போது, திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "இந்த மாசம் என்னல செஞ்சான்?" என்றாள். நான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.