பெயர் வைக்காத பலா

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பலா என்றாலே பேச்சு பண்ருட்டிக்குப் போய்விடும். ஒட்டுக்கன்றையே "ஹைப்ரிட்" என்று சொல்லுகிறவர்களும் இங்கே உண்டு. இரண்டும் வேறுங்க. ஒட்டு என்பது தாய்மரத்தின் நகல். கலப்பினம் என்பது இரண்டு மரங்களுக்குப் பிறந்த புதுப் பிள்ளை.

திட்டம் போட்டு அப்படி ஒரு பலாவை உருவாக்கியது நீலகிரி அடிவாரத்தில், கல்லாறு பழப்பண்ணையில். வேலை தொடங்கிய ஆண்டு 1952. தாய், சிங்கப்பூர் பலா. பெயர்தான் சிங்கப்பூர்; வந்தது இலங்கையிலிருந்து, 1949 வாக்கில் இங்கே பரவலாக நட்டார்கள். நட்டு ஒன்றரை முதல் இரண்டரை வருஷத்தில் காய்க்கும். கோடையில் ஒரு முறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறை என்று இரண்டு போகம். ஆனால் சுளை சிறுசு, நார் அதிகம். தந்தை, வேலிப்பலா. காட்டிலிருந்து தேர்ந்தெடுத்தது, பெரிய பழம், பெரிய சுளை, ஆனால் கோடையில் மட்டும்தான்.

சோதனை 25 ஆண்டு ஓடியது. கடைசியில் ஒரே ஒரு கலப்பினம்தான் தேறியது. சீக்கிரம் காய்ப்பது, பழத்தின் அளவு, இரண்டு போகம், மகசூல் எல்லாவற்றிலும் அது பெற்றோரை மிஞ்சியது. 1982-ல் செல்லப்பனும் ரோச்சும் அதைப்பற்றி எழுதியபோதுகூட அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை! ஜூலியா மார்ட்டன் 1987-ல் வெளியிட்ட பழங்கள் பற்றிய புத்தகத்தில் இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மரத்தின் மேல் ஒரு கரிசனம்.

ஏன் இத்தனை காலம்? பலாவில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். நாம் ஒரு பழம் என்பது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டு. ஒவ்வொரு சுளையும் தனிப் பூ, ஆகவே ஒவ்வொரு கொட்டைக்கும் தகப்பன் வேறாக இருக்கலாம். ஒரே பழத்தின் பத்துக் கொட்டையை நட்டால் பத்தும் பத்து விதம். எது நல்லது என்று தெரிய ஒவ்வொன்றும் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் அந்தக் கலப்பை ஈயும் காற்றும் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தன. மனிதன் செய்தது தேர்வு மட்டும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 1992-ல் வெளியிட்ட பாலூர் 1, பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து எடுத்ததுதான்.

அதனால்தான் 2011 டிசம்பர் 30 தானே புயலை நான் வேறு மாதிரி கணக்குப் போடுகிறேன். சாய்ந்த மரத்துக்குப் பதில் வேறு மரம் நடலாம். ஆனால் ஒட்டு எடுக்காமலே விட்டிருந்த நல்ல மரம் விழுந்தால், அந்த ரகமே போச்சு. எங்கள் தொழிலில் பேக்கப் இல்லாத சர்வர் என்போம்.

நகல் எடுப்பது பெரிய வித்தையும் இல்லை. பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது, எடுத்த ஒரு மாதத்துக்குள் பையில் ஊன்ற வேண்டும். இளங்கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, தாய்மரக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, ஈரப்பதம் குறையாமல் நிழலில் வைக்கிறார்கள். பால் வடிகிற மரம் என்பதால் கத்தியை அடிக்கடி துடைக்கணும். சாய்ந்த மரத்தில்கூட, கிளை வாடுவதற்குள் குச்சி வெட்டிவிட்டால் அந்த மரம் இன்னொரு வேரில் ஏறிவிடும்.