கறுப்பா, சிவப்பா? – கொல்லிமலையில் இருந்து ஒரு மருந்துக் கதை

கொல்லிமலை என்றதும் எல்லோரும் எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர், வல்வில் ஓரி என்று ஆரம்பித்து விடுவார்கள். நானும் அதையெல்லாம் பார்த்தவன்தான். ஆனால் இந்தப் பதிவு சிறுநீரைப் பற்றியது. முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள், விஷயம் இருக்கிறது :-)

எங்கள் அத்தை கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவர். பல வருஷம் மலை மேலே, குண்டூர் நாட்டுப் பக்கம்தான் டூட்டி. தெரியாதவர்களுக்கு: கொல்லிமலையில் ஊர்களை 'நாடு' என்றுதான் சொல்வார்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு... ஒவ்வொரு நாட்டிலும் சின்னச் சின்னக் குக்கிராமங்கள், நடுவில் வயலும் ஓடையும். ஒரு வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும்.

2005ல் எனக்கு டி.பி. வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஆறு மாசத்துக்கு மாத்திரை எழுதினார்கள். "விடாம சாப்பிடுங்க" என்றார்கள், அவ்வளவுதான். மறுநாள் பாத்ரூமில் பார்த்தால் சிறுநீர் செக்கச் செவேல் என்று போகிறது! ரத்தம்தான் போகிறது, கிட்னி போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆறு நாள்.

ஏழாம் நாள் ராசிபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது வாய் தவறி உளறிவிட்டேன். அத்தை கேட்ட முதல் கேள்வி: "என்ன கலருடா? ஆரஞ்சு மாதிரி செவப்பா, இல்ல காப்பி டிகாஷன் மாதிரி கறுப்பா?"

"செவப்பு."

"அட கூறு கெட்டவனே! அது ரிஃபாம்பிசின் மாத்திரையோட சாயம்டா. வேர்வை, கண்ணீர், எச்சில் எல்லாமே செவக்கும். ஒண்ணும் பண்ணாது. இதச் சொல்லாம மாத்திரையக் குடுத்தது அவங்க தப்பு, கேக்காம நிறுத்துனது உன் தப்பு. நீயா மறுபடி ஆரம்பிச்சிராத. விட்டுவிட்டு சாப்பிட்டா அந்த மாத்திரை வேற வம்பு பண்ணும். காலையில டாக்டர்கிட்ட போலாம்."

போனோம். மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள், ஆறு மாசம் முடித்தேன். இன்று நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் 'கறுப்பா?' என்ற கேள்வி மட்டும் மனசில் நின்றுவிட்டது. அத்தையிடம் கேட்டேன். "மலை மேல ஒரு வெள்ளக்கார தொர அதுலதான் செத்தாரு" என்றார். அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

அந்தத் துரையின் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி ஈவ்லின். இருவரும் கல்யாணம் ஆன கையோடு 1913ல் கொல்லிமலையில் குடியேறினார்கள், வாழவந்தியில். மதம் பரப்ப வந்தவர்கள்தான். ஆனால் மலைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியிருந்தது வைத்தியம். ஜெஸ்ஸி முழு டாக்டர் கிடையாது. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி லண்டனில் ஒரு வருஷம் படித்தவர், அவ்வளவுதான். 1914ல் பிறந்த இவர்கள் பையன்தான் பின்னால் உலகப் புகழ் பெற்ற தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

அப்போது மலையில் நரம்புச் சிலந்தி கடுமையாக இருந்தது. கால் புண்ணில் இருந்து வெள்ளை நூல் மாதிரி புழு எட்டிப் பார்க்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். இந்த நோய்க்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. ஜெஸ்ஸி புழுவை எடுத்ததோடு நிற்கவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார். புண் காலோடு கிணற்றில் இறங்காதே என்று படித்துப் படித்துச் சொன்னார். பிற்காலத்தில் இந்தியா முழுக்க இதே வழிதான்: வடிகட்டு, படிக்கிணற்றை மூடு, தண்ணீருக்கு மருந்து போடு. 1996ல் கடைசி நோயாளி, 2000ல் நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். விழுங்க ஒரு மாத்திரைகூட இல்லாத நோயை, சொல்லிக் கொடுத்தே ஒழித்திருக்கிறார்கள்!

முதல் உலகப்போர் முடியும் சமயம் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் உலகத்தையே ஆட்டியது. மலைக்கும் வந்தது. அதற்கும் மருந்து கிடையாது. பிராண்ட் தம்பதி அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி, படுத்துக் கிடந்தவர்களுக்கு ஸ்பூனால் ஊட்டினார்கள். மருந்தே இல்லாத இடத்திலும் நர்ஸ் வேலை என்று ஒன்று இருக்கிறது பாருங்கள்.

மருந்து இருந்த நோய் ஒன்று உண்டு. மலேரியா. மருந்து கொயினா. தென் அமெரிக்காவில் இருந்து சிங்கோனா மரத்தைக் கொண்டுவந்து 1860களில் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் கொயினா தொழிற்சாலையும் வந்தது. தபால் ஆபீசிலேயே பொட்டலம் போட்டு விற்ற காலமும் இருந்தது. யோசித்துப் பாருங்கள், போஸ்ட் மாஸ்டர் பொட்டலத்தைத் தருவார். காது 'கொய்ங்' என்று கத்தும், தலை சுற்றும், குமட்டும், அதற்குப் பயந்து பாதியில் நிறுத்தாதே என்று யார் சொல்வது? கசப்பு தாங்காமல் ரெண்டு வேளை தின்றுவிட்டு, காய்ச்சல் விட்டதும் மீதியை மாடத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி ரெண்டு வேளை.

இப்படி கடும் மலேரியா திரும்பத் திரும்ப வந்து, கொயினாவும் விட்டு விட்டு உள்ளே போன உடம்புகளில்தான் 'கருநீர்க் காய்ச்சல்' அதிகம் வந்தது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். அந்தச் சாயம் சிறுநீரில் இறங்கி டிகாஷன் நிறமாகும். பிறகு சிறுநீரே நின்றுபோகும். 1929ல் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்தது இதில்தான். வயது நாற்பத்து நான்கு. பையன் பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில். சாவுச் செய்தி தந்தியில் முதலில் போய்விட்டது, அப்பா எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாகப் பிற்பாடு போய்ச் சேர்ந்தது.

ஈவ்லின் அதன் பிறகும் விட்டுவிடவில்லை. வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்த பிறகும் திரும்ப மலையேறி வந்தார். 1974ல் 95 வயதில் இறந்தபோது கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பால் பிராண்ட் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். (அதே வருஷம்தான் அங்கே நர்சிங் பட்டப்படிப்பும் தொடங்கியது.) தொழுநோயாளிகளின் விரல் தானாக உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் காயமும் தெரியாமல் தேய்ந்து போகிறது என்று கண்டுகொண்டார். ராத்திரி தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. அதனால் வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம்! ஆபரேஷன் மட்டும் போதாது, தினம் கையையும் காலையும் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தர வேண்டும் என்பது அவர் கட்சி.

மெட்ராஸில் 1956ல் தொடங்கிய டி.பி. ஆராய்ச்சி மையமும் இதையேதான் வேறு விதமாகக் காட்டியது. சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959ல் நிரூபித்தார்கள். சும்மா இல்லை. நர்ஸுகள் வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் ஆறு நாள் வீணாகியிருக்காது.

சரி, அத்தை ஏன் 'கறுப்பா?' என்று கேட்டார்? 1956ல் கண்டுபிடித்த விஷயம் ஒன்று: சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவு. அவர்களுக்கு மலேரியா மாத்திரை ப்ரைமாகுவினோ, தொழுநோய் மாத்திரை டாப்சோனோ கொடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். கருநீர் அதன் அடையாளம். வெளியூரில் செங்கல் சூளைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்புபவர்களுக்கு அத்தை ப்ரைமாகுவின் கொடுக்கும்போது, பதினாலு நாளும் சொல்வது ஒன்றுதான்: "வெறும் வயித்துல போடாத. ஒண்ணுக்கு கறுத்தா, கண்ணு மஞ்சளா போனா உடனே நிறுத்திட்டு எங்கிட்ட ஓடியா. இப்ப நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லு."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம் என்பார். "தலையாட்டுனா புரிஞ்சுதுன்னு அர்த்தமில்லடா. திருப்பிச் சொல்லணும்." எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காகித உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து தருவாராம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நர்சிங்கில் ஐந்து 'சரி' படிப்பார்கள். "ஆறாவது சரி ஒண்ணு இருக்கு. எதுக்குன்னு அவனுக்குத் தெரியணும்" என்பது அத்தையின் சேர்க்கை.

கறுப்பு என்றால் நிறுத்து. சிவப்பு என்றால் நிறுத்தாதே. ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல ஆள் இல்லாததால் நான் ஆறு நாள் செத்துப் பிழைத்தேன்.

போன மாசம் குண்டூர் நாட்டுக்கு அத்தையோடு போயிருந்தேன். மிளகுக் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அத்தையை அடையாளம் கண்டு, "ஏ நர்ஸம்மா, மாத்திரைய சோத்துக்கு அப்புறந்தான் போடறேன், திருப்பிச் சொல்லட்டா?" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார் அத்தை.

அடுத்த முறை மருந்துச் சீட்டு வாங்கும்போது, ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்: இது எதுக்கு? என்ன பண்ணும்? என்ன ஆனால் நிறுத்தணும்? கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள் :-)