இரண்டு டாலர் சந்தா

சென்ற வாரம் பேர்ல் துறைமுகத்தில், புகை அடங்காத கப்பல்களுக்கு நடுவே கதையை நிறுத்தியிருந்தோம். ஜப்பான் அங்கே நடத்திய குண்டு வீச்சினால், ஒரு குற்றமும் செய்யாமலே, பிறந்த மண்ணில் சந்தேகத்துக்கு ஆளான வாலிபர்கள் சிலருடைய சரித்திரத்தை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

அந்நாளில் ஹவாய்த் தீவுகளின் ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்து குடியேறிய ஜப்பானியர்களும் அவர்களுடைய சந்ததியாருமே ஆவர். அந்தச் சந்ததியில் முன்பே அமெரிக்கச் சேனையில் சேர்ந்திருந்த 1,432 பேரை, மிட்வே தீவருகே கடற்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1942 ஜூன் 5-ஆம் தேதி, 'மாயி' என்னும் கப்பலில் ஏற்றி ஹானலூலுவிலிருந்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து ஓக்லண்டில் அவர்களுக்கு நூறாவது காலாட்படை என்று பெயர் சூட்டப்பட்டது. ஹவாய் மொழியில் 'புக்கா' என்றால் துளை. எண்ணில் வரும் இரண்டு சுழிகளையும் துளைகளாகக் கண்ட அந்த இளைஞர்கள், தங்கள் படையை 'ஒன் புக்கா புக்கா' என்று செல்லமாக அழைத்துக்கொண்டார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்து மெக்காய் முகாமில் பயிற்சி பெற்ற நாட்களிலேயே அவர்கள் செய்த ஒரு காரியம் என்னை வெகுவாக ஆட்கொண்டிருக்கிறது. மாதச் சம்பளம் சாதாரணச் சிப்பாய்க்கு 50 டாலர். வீட்டுக்கு அனுப்ப வேண்டியதும் அதில்தான். அப்படியிருந்தும், யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபின் எல்லோரும் கூடியிருக்க ஒரு மனை வேண்டும் என்று தீர்மானித்து, தலைக்கு மாதம் 2 டாலர் வீதம் ஒதுக்கி, ஹானலூலுவில் தங்களுக்கு நம்பிக்கைக்குரியவராயிருந்த சார்ல்ஸ் ஹெமன்வே என்பவரிடம் சேர்ப்பிக்கலானார்கள். எந்த முனைக்குப் போகப்போகிறோம் என்பதே தெரியாதவர்கள், முனையிலிருந்து திரும்பிய பின் உட்காரப்போகும் இடத்துக்குச் சந்தா கட்டினார்கள்! தேசம் தங்களை நம்பத் தயங்கிய காலத்தில், தாங்கள் திரும்புவோம் என்பதையும், அந்த ஊர் தங்களுடையதே என்பதையும் அவர்கள் சந்தேகமின்றி நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோவில் கரை இறங்கினார்கள். அந்த மாதம் 29-ஆம் தேதி, தீவுகளில் பேஸ்பால் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றிருந்த ஷிகியோ டக்காட்டா என்ற சார்ஜண்ட், எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைத் தேடி முன்னே சென்று குண்டடிபட்டு, அது இருந்த இடத்தைத் தோழர்களுக்குத் தெரிவித்துவிட்டு உயிர் நீத்தார். படையில் விழுந்த முதல் உயிர் அது. 1944 ஜனவரியில் தொடங்கிய கசினோ சண்டைக்குப் பின், கரை இறங்கியவர்களில் பாதிப் பேர்கூடப் படையில் எஞ்சவில்லை. காயத்துக்கு அளிக்கும் பதக்கத்தின் பெயரால் 'பர்ப்பிள் ஹார்ட் படை' என்று பத்திரிகைகள் அவர்களை அழைத்தன.

யுத்தம் ஓய்ந்து திரும்பியவர்கள் சொன்ன சொல் தவறாமல் 'நூறு கிளப்' என்ற சங்கத்தை நிறுவினார்கள். படையோடு சென்ற பல் வைத்தியர் கட்சுமி கொமெடானி அதன் முதல் தலைவர். 'தொடர்ந்த சேவைக்காக' என்பது அவர்கள் பூண்ட சங்கற்பம். கமோகு தெருவில் 1952-இல் அவர்கள் மனையும் எழுந்தது. மாண்டவர்கள் மாதந்தோறும் செலுத்திவந்த இரண்டிரண்டு டாலரும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது.

சர்க்கார் உதவிப் பணத்தில் கல்லூரி சென்று சட்டம் பயின்றவர்கள் இவர்களில் பலர். அப்படிச் சென்ற ஸ்பார்க் மட்சுனாகா பின்னாளில் செனட் சபை உறுப்பினரானார். யுத்த காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சத்தாருக்கு மன்னிப்பும், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் நஷ்டஈடும் அளித்த 1988-ஆம் வருஷத்துச் சட்டத்துக்காக இடைவிடாது பாடுபட்டார். 2011-இல் வாஷிங்டனில் இப்படைக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் சூட்டினார்கள். அதற்குள் பலர் மறைந்துவிட்டிருந்தனர்.

ஆண்டுதோறும் சங்கத்தார் நடத்தும் நினைவு வழிபாட்டுக்கு அவர்கள் குறித்துக்கொண்ட நாள், டக்காட்டா விழுந்த தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. ஹானலூலு நகருக்கு மேலே, அவிந்துபோன எரிமலையின் வாயாகிய பஞ்ச்பௌல் மயானத்தில் அது நடைபெறுகிறது. இப்பொழுது மக்களும் பேரர்களுமே அதை முன்னின்று நடத்துகிறார்கள்.

(தொடரும்)