ரேக் (ரூபி பணியோட்ட நூலகம்)

ரேக் என்பது ரூபி மொழியில் எழுதப்பட்ட பணியோட்ட நூலகம். நிரலைத் தொகுப்பது, சோதனைகளை ஓட்டுவது, தரவுதள அட்டவணைகளை மாற்றுவது, புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றுவது என்று ஒரு மென்பொருள் திட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் பல. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எதற்கு முன் எது முடிய வேண்டும் என்று எழுதிவைத்தால், ரேக் அந்த வரிசையில் அவற்றை நடத்தி முடிக்கும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாழ்ந்த நிரலாளர் ஜிம் வைரிக் (1956–2014) இதை 2003-இல் எழுதினார். ‘ரூபி மேக்’ என்பதன் சுருக்கமே பெயர். எம்.ஐ.டி. உரிமத்தில் வெளிவரும் திறமூல மென்பொருள் இது.

முன்னோடிகள்

இவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதியது. திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டு, சரியாக இருந்த நிரலிலேயே பிழை தேடி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்த சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சனின் புலம்பல்தான் அதற்குத் தூண்டுதல். இன்னது இன்னதைச் சார்ந்தது, சார்ந்திருப்பது மாறினால் இந்தக் கட்டளையை ஓட்டு என்ற மேக்கின் சூத்திரம் இன்றுவரை மாறவில்லை. அதன் எழுத்துமுறையோ அன்றிலிருந்தே வசை வாங்குகிறது. கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இடைவெளி விட்டால் பிழை. எழுதிய சில வாரங்களிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாமென்று ஃபெல்ட்மன் அதை மாற்றாமல் விட்டார். அந்தச் சிலரை முன்னிட்டு லட்சக்கணக்கானோர் இன்னும் டேப் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2000-இல் தனிக் கருவியாக வெளிவந்த ஆன்ட், ஜாவா உலகுக்கானது. ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய இக்கருவியில் புதிய பணிவகை வேண்டுமென்றால் ஒரு ஜாவா கிளாஸ் எழுதிச் சேர்த்தால் போதும். விரிவாக்கத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் பணிகளைக் கோக்கும் கோப்பு எக்ஸ்.எம்.எல்.லில் இருந்தது. ‘இப்படியானால் இதைச் செய்’ என்ற சாதாரண நிபந்தனைக்கும், ஒரு பட்டியலைச் சுற்றிவருவதற்கும் வெளியிலிருந்து கூடுதல் தொகுப்பு தேவைப்பட்டது. தனக்கென்று ஒரு சிறு மொழியை உண்டாக்கிக்கொள்ளும் கருவி எதுவும் நாளடைவில் அந்த மொழிக்கு மாறிகள், நிபந்தனைகள், சார்புகள் என்று ஒவ்வொன்றாக ஒட்டுப்போட நேர்கிறது. மேக்கும் ஆன்ட்டும் அந்த வழியில்தான் போயின.

தோற்றம்

மேக் கோப்புக்குள் ரூபியை எழுத முடிந்தால் எப்படியிருக்கும் என்று உடன் பணியாற்றியவரோடு நடந்த பேச்சிலிருந்து ரேக் பிறந்தது. இதை எழுதும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை, யாருக்காவது பயன்படுமா என்பதும் சந்தேகம் என்று வைரிக்கே அதன் விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் புது மொழி எதையும் உருவாக்கவில்லை. ‘டாஸ்க்’, ‘ஃபைல்’, ‘ரூல்’ போன்றவை ரேக்கில் வெறும் ரூபி மெத்தடுகள். செய்ய வேண்டிய வேலை அவற்றுக்குக் கொடுக்கப்படும் ஒரு ரூபி பிளாக் (நிரல் துண்டு). ஆகவே ரேக்ஃபைல் என்ற கோப்பு முழுமையான ரூபி நிரல். நிபந்தனையோ சுழற்சியோ பிழை கையாளுதலோ வேண்டுமென்றால், மொழியில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2005-இல் ரேக்கைப் பற்றி விரிவான கட்டுரை எழுதி, தாய்மொழிக்குள்ளேயே அமையும் துறைமொழிக்கு இதைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் காட்டினார்.

இயங்கும் முறை

ரேக் இரண்டு கட்டங்களாக இயங்குகிறது. முதலில் ரேக்ஃபைல் மேலிருந்து கீழாக ஓடும். அப்போது எந்தப் பணியும் நடப்பதில்லை. பணிப் பொருள்கள் உருவாகிப் பெயர்வாரியாக ஓர் அட்டவணையில் சேர்கின்றன, பிளாக்குகள் காத்திருக்கின்றன. அடுத்து, பயனர் கேட்ட பணி தேடி எடுக்கப்பட்டு, அதன் முன்தேவைகள் எழுதிய வரிசையில் அழைக்கப்பட்ட பிறகு அதன் பிளாக் ஓடுகிறது. புதிதாக வருவோர் இடறுவது பெரும்பாலும் இந்தப் பிரிவினையில்தான்: பிளாக்குக்கு வெளியே எழுதிய வரி, எந்தப் பணியைக் கேட்டாலும் ஓடிவிடும்.

ஒரு பணி, ஓர் ஓட்டத்தில் ஒரே முறைதான் நடக்கும். சட்னிக்கும் குருமாவுக்கும் தேங்காய் வேண்டும்தான். அதற்காக இருமுறை துருவுவதில்லை. மீண்டும் நடத்தியாக வேண்டுமென்றால் அப்பணியை வெளிப்படையாக மறுபடி இயங்கத்தக்கதாக்க வேண்டும். இரண்டு பணிகள் ஒன்றையொன்று சார்ந்து வட்டமிட்டால், சங்கிலி முழுவதையும் அச்சிட்டுக் காட்டி ரேக் நின்றுவிடும்.

கோப்புப் பணிகளில் நேர முத்திரை ஒப்பிடப்படுகிறது. இலக்குக் கோப்பு இல்லாவிட்டாலோ, முன்தேவைகளில் ஏதேனும் அதைவிடப் புதிதாக இருந்தாலோ வேலை நடக்கும். சாதாரணப் பணிக்குக் கோப்பு இல்லாததால், ‘இந்தக் கணம்’ என்பதே அதன் நேரமாகக் கொள்ளப்படுகிறது. கோப்புப் பணி ஒன்றைச் சாதாரணப் பணியைச் சார்ந்திருக்கச் செய்தால் ஒவ்வொரு முறையும் அது மறுபடி கட்டப்படுவதற்கு இதுவே காரணம். கோப்புறைக்கு நேர்மாறான ஏற்பாடு. உள்ளே ஒரு கோப்பு சேர்ந்தாலே கோப்புறையின் நேரம் மாறிவிடும் என்பதால், அதை எல்லாவற்றுக்கும் முந்தியதாக ரேக் கருதுகிறது. சிறிய ஏற்பாடுதான், ஆனால் இது இல்லாவிட்டால் முன்தேவையாகக் கோப்புறையைப் போட்ட எவரும் தேவையில்லாத மறுதொகுப்பில் மாட்டிக்கொள்வார்கள்.

கேட்ட பெயரில் பணி இல்லையென்றால், ‘ரூல்’ கொண்டு எழுதிய, பொருந்தும் விதி ஏதும் உண்டா என்று ரேக் பார்க்கும். ஒரு விதி இன்னொரு விதியைத் தேடுவது 16 நிலைகளோடு நிறுத்தப்படுகிறது. விதியும் இல்லை, அந்தப் பெயரில் கோப்பும் இல்லை என்றால்தான் பிழை.

முன்தேவைகளை ஒரே நேரத்தில் நடத்தும் பணிவகையும் உண்டு. அது திரெடுகளைக் கொண்டு இயங்குகிறது. வழக்கமான ரூபி இயக்கியில் ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே ரூபி நிரலை ஓட்ட முடியும் என்பதால், தொகுப்பி போன்ற வெளிக்கட்டளைகளை அழைக்கும் பணிகளுக்கே இதனால் பெரிய பலன்.

விரிவாக்கம்

ரேக்கை நீட்டிக்கும் வழிகளில் எளியது, ஒரே பெயரில் பணியை இரண்டாம் முறை எழுதுவது. பழையது அழியாது, புதிய முன்தேவைகளும் பிளாக்கும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். ஒரு ஜெம் (ரூபித் தொகுப்பு) தந்த பணியோடு, அந்த ஜெம்மைத் தொடாமலே, நம் வேலையையும் இணைத்துவிடலாம். சௌகரியமான இந்த முடிவுக்கு விலையும் உண்டு: ஒரு பணி மொத்தத்தில் என்னென்ன செய்கிறது என்பது எந்த ஒரு கோப்பிலும் எழுதியிருக்காது.

‘டாஸ்க்லிப்’ என்ற அடிப்படை கிளாஸ் அடுத்த வழி. அதிலிருந்து கிளைக்கும் கிளாஸ், சில அமைப்புகளை வாங்கிக்கொண்டு ஒரு கொத்துப் பணிகளை உருவாக்கித் தரும். சோதனைக் கருவியான ஆர்ஸ்பெக் தன் பணிகளை இப்படித்தான் வழங்குகிறது. ஆழமான வழி, ரேக்கின் ‘அப்ளிகேஷன்’ கிளாஸிலிருந்தே கிளைத்துத் தனிக் கட்டளைக் கருவி செய்வது. மென்பொருளைச் சர்வர்களில் ஏற்றும் கேப்பிஸ்ட்ரானோ, 2013-இல் வந்த தன் மூன்றாம் பதிப்பை இவ்வாறு ரேக்கின் மேல் திரும்பக் கட்டியது. ரேக்கைக் கருவி என்பதைவிட நூலகம் என்பதே பொருத்தம் என்று சொல்ல வைப்பது இந்த வழிதான்.

ரேக்கின் பெரிய தடுமாற்றமும் விரிவாக்கத்தையொட்டியே வந்தது. தொடக்கத்தில் ‘டாஸ்க்’, ‘ஃபைல்’ முதலிய மெத்தடுகள் ரூபியின் எல்லாப் பொருள்களுக்கும் கிடைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதே பெயர்களைத் தம் கிளாஸ்களில் வைத்தவர்களுக்கு அது மோதலைத் தந்தது. 2011 மே மாதம் வந்த 0.9.0 பதிப்பு அவற்றை ரேக்ஃபைலின் எல்லைக்குள் அடக்கியது. திருத்தம் சரியானது, ஆயினும் பழைய பரவலை நம்பியிருந்த, ரூபி வலைச்சட்டகமான ரெயில்ஸ் 3.0-இல் எழுதிய செயலிகள் பல, ‘டாஸ்க்’ என்ற மெத்தட் இல்லை என்ற பிழையோடு நின்றன. வெளியே தெரிந்த எதையும் யாராவது நம்பியிருப்பார்கள் என்பதை நூலகம் எழுதுவோருக்கு இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி குறைவு.

பயன்பாடும் வரம்புகளும்

ரூபி 1.9 வரிசையிலிருந்து ரேக், மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதைப் பரவலாக்கியது ரெயில்ஸ். தரவுதள மாற்றங்களை ஓட்ட ரேக் கட்டளையைத் தட்டுவது பல ஆண்டுகள் ரெயில்ஸ் நிரலாளரின் அன்றாடப் பழக்கமாக இருந்தது. 2016-இல் வந்த ரெயில்ஸ் 5 அந்தப் பணிகளைத் தன் சொந்தக் கட்டளை வழியாகவும் அழைக்க இடம் கொடுத்தது; உள்ளே ஓடுவது ரேக்தான்.

ரேக்ஃபைல் முழு நிரல் என்பதால், பணிகளின் பட்டியலைக் காட்டவும் அதை ஓட்டியாக வேண்டும்; ஓட்டாமல் படித்துச் சார்புகளைக் கணிக்க வழியில்லை. கோப்பின் உள்ளடக்கத்தை ரேக் ஒப்பிடுவதில்லை, நேரத்தை மட்டுமே பார்க்கிறது. ஒரு கணினியில் கட்டியதை இன்னொரு கணினி எடுத்துக்கொள்ளும் சேமிப்பும் கிடையாது. பேசல், கிரேடில் போன்ற கட்டுமானக் கருவிகள் உள்ளடக்க ஒப்பீடு, சேமிப்புப் பகிர்வு ஆகிய இரண்டையும் செய்கின்றன. பல லட்சம் வரி கொண்ட சி++ திட்டத்துக்கு ரேக்கைத் தேர்வது விவேகமல்ல. அதற்காக அது எழுதப்படவும் இல்லை.

2012-இல் 0.9 வரிசையிலிருந்து நேராக 10.0-க்குத் தாவிய ரேக், வைரிக்கின் மறைவுக்குப் பின்னும் ரூபிச் சமூகத்தின் பராமரிப்பில் தொடர்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் ஜேக், காஃபிஸ்கிரிப்டோடு வந்த கேக், பவர்ஷெல்லின் சாக்கே (psake) ஆகியவை, பணியை அந்தந்த மொழியிலேயே எழுதும் முறையோடு பெயரின் வாலையும் இதனிடமிருந்து எடுத்துக்கொண்டவை.