நெடிய ஆக்‌ஷனில் குறுந்தோட்டா: போல்ட் ரைபிள் வடிவமைப்பில் நீளம் பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

தனிப்பட்ட தேவைக்கென போல்ட் ரைபிள் கட்டும் கைவினைஞர்கள் சிலர், குட்டையான தோட்டாவுக்கு நீளமான ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் எஃகு உடலைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். பழைய மவுசரை வீணாக்காமல் பயன்படுத்தும் சிக்கனமாகவே இது பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. இந்த வழக்கத்தின் வேர் தோட்டாவின் அடிப்பாகத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1888-இல் ஜெர்மன் படை ஏற்ற தோட்டாவின் அடிவிட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பால் மவுசரின் 1898 ரைபிள் அந்த அளவைத் தொடர்ந்தது, அமெரிக்காவின் .30-06 தோட்டாவும் 1906-இல் அதையே ஏற்றது. அரை நூற்றாண்டில் வெடிமருந்து மேம்பட்டது. ஏறக்குறைய அதே வேகத்தைச் சிறிய கூட்டிலிருந்தே பெற முடிந்தது. 1952-இல் வந்த .308 வின்செஸ்டரிலும், 1954-இல் நேட்டோ ஏற்ற 7.62-இலும் கூட்டின் நீளம் 63 மில்லிமீட்டரிலிருந்து 51 ஆகக் குறைந்தது. தோட்டாவின் முழு நீளமும் 85-இலிருந்து 71-க்கு இறங்கியது. அடிவிட்டம் மட்டும் மாறவில்லை. போல்ட்டின் முகப்பும், கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் பற்றுவது அடியைத்தான் என்பதால், பழைய போல்ட் புதுத் தோட்டாவை அப்படியே ஏற்றது. மேகசின் பெட்டியின் அகலமும் பொருந்தியது. தோட்டாக்கள் இரு வரிசையில் மாறி மாறிப் படியும்போது தேவைப்படும் அகலம் அடிவிட்டத்தைப் போல் சுமார் 1.866 மடங்கு, அதாவது 22.4 மில்லிமீட்டர். மிஞ்சியது நீளம் மட்டுமே.

அந்த மிச்ச நீளத்தைக் கையாளும் முறையை வின்செஸ்டர் முன்பே வகுத்திருந்தது. 1936-இல் வெளியான அதன் மாடல் 70 ஒரே நீள ஆக்‌ஷனில்தான் வந்தது. குட்டைத் தோட்டாக்களுக்கு மேகசினின் பின்பக்கம் ஒரு தடுப்புக்கட்டை வைத்தார்கள். போல்ட்டும் முழுத் தூரம் பின்வாங்காமல் முன்கூட்டியே நிற்கும்படி செய்தார்கள். கட்டை பின்னால் இருப்பதில்தான் நுட்பம். இடைவெளி முன்னால் விழுந்தால், பெட்டியை விட்டு எழும் குண்டுமுனை சரிவுப்பாதையைத் தொடும்முன் ஆதாரமின்றிச் சில மில்லிமீட்டர் கடக்க வேண்டும். அங்கே தலைகவிழ்ந்து சிக்கக்கூடும். இக்காலக் கைவினைஞர்களும் இதே முறையைப் பின்பற்றுவது சரியென்றே நான் கருதுகிறேன்.

பழைய ரைபிளில் குறுந்தோட்டாவைப் பொருத்துவதைப் படைகள் பெரிய அளவில் செய்தன. 1950-களில் ஸ்பெயின் தன் பழைய மவுசர்களை எஃப்ஆர்-7, எஃப்ஆர்-8 என மாற்றியது. இஸ்ரேல் தன் மவுசர்களுக்கு 7.62 குழல் பூட்டி, குழப்பம் வராதிருக்க மரப்பிடியில் அந்த எண்ணைப் பெரிதாகச் சுட்டுப் பொறித்தது. இந்தியாவின் வழி சற்றே வேறு. 1962 போருக்குப் பின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, விளிம்புள்ள .303 தோட்டாவுக்கான லீ-என்பீல்டு வடிவத்தை விளிம்பற்ற 7.62-க்கு ஏற்பத் திருத்திப் புதிதாகவே தயாரித்தது. இங்கே அடியும் மாறியதால் எக்ஸ்ட்ராக்டரும் மேகசினும் மாற வேண்டியிருந்தது. மவுசர் குடும்பத்துக்கு அந்த ஒரே அடிவிட்டம் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியது என்பதற்கு இந்த ஒப்பீடே போதிய சான்று.

ரெமிங்டன் 1948-இலேயே 721 என நெடிய ஆக்‌ஷனையும் 722 எனக் குறுகியதையும் தனித்தனியே வெளியிட்டது. 1962-இல் வந்த மாடல் 700-உம் அப்படியே. இனி நெடிய ஆக்‌ஷனில் குறுந்தோட்டாவுக்கு அவசியமில்லை என்றே தோன்றியிருக்கும். அமெரிக்கக் கடற்படை வீரர் பிரிவு 1966-இல் ஏற்ற எம்40, மாடல் 700-இன் குறுகிய ஆக்‌ஷனில் அமைந்தது. ஆனால் தரைப்படை 1988-இல் ஏற்ற எம்24, அதே 7.62 தோட்டாவைச் சுட்டாலும் நெடிய ஆக்‌ஷனையே கொண்டிருந்தது. பின்னாளில் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு மாற இடம் விட்டுவைத்தார்கள். 2010-க்குப் பின் எம்24-கள் எம்2010 ஆக மாற்றப்பட்டபோது அந்த இடம் பயன்பட்டது. மேக்னத்தின் அடி பெரிது என்பதால் போல்ட்டின் முகப்பை மாற்ற வேண்டியிருந்தது; ஆக்‌ஷனின் நீளம் போதுமானதாக இருந்தது.

இன்றைய தனிவடிவ ரைபிள்களில் நெடிய ஆக்‌ஷனைத் தேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனமான, நீண்ட குண்டை 71 மில்லிமீட்டர் மேகசினுக்குள் அடக்க, அதைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். மருந்துக்கான இடம் குறையும். நெடிய பெட்டியில் குண்டை வெளியே நீட்டி அமர்த்தலாம். குழலில் தோட்டா அமரும் சேம்பரின் முன்பகுதியையும் அதற்கேற்ப நீட்டிக் கடைந்திருக்க வேண்டும். இதற்கு ஈடாகச் சிறிது கூடுதல் எடையும், போல்ட் நிறுத்தத்தை மாற்றாவிட்டால் கூடுதல் இழுப்பும் சேரும். துல்லியப் போட்டிக்குக் குட்டையான, விறைப்பான ஆக்‌ஷனை நாடுவது நியாயமே. வேட்டை ரைபிளில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.