இருளரும் நாகமும்

கிண்டிப் பாம்புப் பண்ணைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லாத மயிலாப்பூர்க் குடும்பம் உண்டா? கண்ணாடிக்கு அப்பால் நல்ல பாம்பு படமெடுத்தால், இப்பால் நிற்கும் மாமிகள் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். 1972ல் அதைக் கிண்டியில் நிறுவியவர் அமெரிக்காவில் பிறந்த ராமுலஸ் விட்டேக்கர். அவருக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக் கொடுத்த குருமார்கள் செங்கற்பட்டுச் சீமையின் இருளர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வயல் வரப்பில் ஒரு துளை தெரிந்தால், உள்ளே இருப்பது எலியா, நாகமா என்று தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே சொல்லிவிடுவார் இருளர். ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, புகையை வளைக்குள் ஊதி எலியைப் பிடிப்பார். எலி சேர்த்து வைத்த நெல்லும் அவருக்கே. குடியானவனுக்கு இதைவிட உபகாரம் வேறென்ன வேண்டும்? ஆயினும் ஊர் அவரை எல்லைக்கு வெளியேதான் வைத்தது.

பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டபோது, சீமாட்டிகளின் கைப்பைக்காக எத்தனையோ பாம்புகள் மடிந்தன. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு பிழைத்தது, சரி. பிடித்தவன் பிழைப்பு? சட்டம் எழுதியவர்கள் அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

வழி பிறந்தது 1978ல். வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடிப்பார்கள்; சில வாரம் பானையில் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த நஞ்சே மூலப்பொருள். கொல்லத் தெரிந்த அதே கைதான். கூலி மட்டும் மாறிவிட்டது.

மாசி மகத்தன்று நம் கபாலீசுவரர் கடலாடப் போகிறாரல்லவா? அதே பௌர்ணமியில் மாமல்லபுரக் கரையில் இருளர்கள் கூடுகிறார்கள். கோபித்துக் கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைத் திரும்ப அழைப்பது அவர்கள் ஐதிகம். கோயிலோ கோபுரமோ கிடையாது. ஈரமணலில் படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்துப் பூசை. பெண் பார்ப்பதும், நிச்சயமும், தாலி கட்டுவதும் அங்கேயே. பிறகு அலை வந்து படிகளைக் கொண்டு போய்விடும்.

2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை, மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கப் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.