எஃப்ஏ-50: பிலிப்பைன்ஸில் பயிற்சி விமானம் போர் விமானமான வரலாறு

எஃப்ஏ-50 என்பது தென்கொரியாவின் டி-50 என்னும் மீயொலி வேகப் பயிற்சி விமானத்திலிருந்து உருவாக்கப்பட்ட இலகுரகப் போர் விமானம் ஆகும். 2014-இல் பிலிப்பைன்ஸ் அரசு இவ்வகை விமானங்கள் 12-ஐ வாங்க ஒப்பந்தம் செய்தது. தென்சீனக் கடலில் தன் உரிமையைக் காக்க வேண்டும் என்பதே அக்கொள்முதலின் முதன்மை நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் இவ்விமானங்கள் முதன்முதலில் குண்டு வீசியது உள்நாட்டு ஆயுதக் குழுக்களின் மீதாகும். விலை குறைந்த மீயொலி விமானம் ஒரு சிறிய விமானப்படைக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிய பிலிப்பைன்ஸின் வரலாறு நல்ல சான்றாக உள்ளது.

மலிவான மீயொலி விமானம் என்ற எண்ணம்

1950-களில் அமெரிக்கப் போர் விமானங்கள் எடையிலும் விலையிலும் வேகமாகப் பெருகின. அந்தப் போக்கிற்கு மாறாக, நார்த்ராப் நிறுவனம் என்-156 என்ற சிறிய விமானத்தை வடிவமைத்தது. எதிரியின் ராடாரை ஏமாற்றப் பயன்பட்ட 'குவெயில்' என்னும் போலி ஏவுகணைக்காக உருவான ஜெ85 என்ற சிறிய ஜெட் என்ஜினே இதற்கு வழிவகுத்தது. அவ்வகை என்ஜின்கள் இரண்டைப் பொருத்தினால், எடை குறைந்த விமானமும் ஒலியின் வேகத்தை மிஞ்ச முடிந்தது.

இந்த ஒரே வடிவமைப்பிலிருந்து இரண்டு விமானங்கள் பிறந்தன. ஒன்று, 1959 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த டி-38 பயிற்சி விமானம். மற்றொன்று, அதே ஆண்டு சூலையில் பறந்த போர் விமான மாதிரி. இதுவே பின்னர் எஃப்-5 ஆனது. அமெரிக்கா 1962-இல் எஃப்-5 விமானத்தை நட்பு நாடுகளுக்கான இராணுவ உதவித் திட்டத்திற்குத் தேர்ந்தெடுத்தது. பராமரிப்பு எளிது, செலவு குறைவு என்பதால் தென்கொரியா, தைவான், ஈரான், தென்வியட்நாம் உள்ளிட்ட பல நாடுகளுக்கு அது சென்றது. 1960-களின் நடுப்பகுதியில் அதைப் பெற்ற நாடுகளுள் பிலிப்பைன்ஸும் ஒன்று.

பிலிப்பைன்ஸின் எஃப்-5 விமானங்களும் உள்நாட்டு மோதலில் ஈடுபடுத்தப்பட்டன. 1989 திசம்பரில் அதிபர் கொரசோன் அக்கினோவின் அரசுக்கு எதிராக இராணுவக் கிளர்ச்சி வெடித்தபோது, அரசுக்கு விசுவாசமான எஃப்-5 விமானிகள் சாங்லி முனைத் தளத்தில் நின்ற கிளர்ச்சியாளர்களின் டி-28 விமானங்களைத் தாக்கி அழித்தனர். அத்தாக்குதலில் உயிரிழந்த மேஜர் டானிலோ ஆட்டியென்சாவின் பெயரை அத்தளம் இன்று தாங்கியுள்ளது.

போர் ஜெட் இல்லாத பத்தாண்டு

1991-இல் அமெரிக்கத் தளங்களுக்கான புதிய உடன்படிக்கையைப் பிலிப்பைன்ஸ் மேலவை நிராகரித்தது. 1992 இறுதிக்குள் அமெரிக்கப் படைகள் வெளியேறின. அதுவரை நாட்டின் வான் பாதுகாப்பு பெரும்பாலும் அமெரிக்காவையே நம்பி இருந்தது. 1995-இல் மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டடங்கள் எழுப்பியது தெரியவந்தது. அதே ஆண்டு படைகளை நவீனமாக்கும் சட்டம் இயற்றப்பட்டாலும், 1997-இன் ஆசிய நிதி நெருக்கடியால் அதற்கான பணம் கிடைக்கவில்லை.

2005-இல் எஞ்சிய எஃப்-5 விமானங்களும் ஓய்வு பெற்றன. அதன்பின் பத்தாண்டுகள் பிலிப்பைன்ஸிடம் மீயொலி விமானம் ஒன்றுகூட இல்லை. ஒலியின் வேகத்தை எட்டாத எஸ்-211 பயிற்சி விமானங்களே அவ்விடத்தை நிரப்பின. இந்த இழப்பு விமானங்களோடு முடிவதில்லை. வேகமான ஜெட்டை ஓட்டத் தெரிந்த விமானிகள் ஓய்வு பெற்றுச் செல்வர். அவர்களிடம் கற்க வேண்டிய இளையோருக்கு விமானம் இருக்காது. தரைப் பணியாளர்களின் திறனும் மங்கும். 2012-இல் ஸ்கார்பரோ திட்டு அருகே சீனக் கப்பல்களுடன் ஏற்பட்ட முறுகல் இக்குறையை வெளிப்படையாகக் காட்டியது.

டி-50 முதல் எஃப்ஏ-50 வரை

தென்கொரியா எஃப்-16 விமானங்களை வாங்கியபோது கிடைத்த தொழில்நுட்ப உதவியைக் கொண்டு, லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துடன் சேர்ந்து டி-50 விமானத்தை உருவாக்கியது. 2002 ஆகத்து 20 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. எஃப்-16 ஓட்டப் போகும் விமானிகளைப் பழக்குவதே அதன் பணி. எனவே வேகம், திருப்பங்களைத் தாங்கும் உறுதி, மின்னணுப் பறப்புக் கட்டுப்பாடு ஆகியவை தொடக்கத்திலேயே அதில் இருந்தன. அதனுடன் ராடார், பீரங்கி, ஏவுகணை, குண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்தபோது அது எஃப்ஏ-50 ஆனது. மேம்பாட்டுச் செலவின் பெரும்பகுதி பயிற்சி விமானத்திற்காக முன்பே செய்யப்பட்டுவிட்டதே அதன் விலை குறைந்ததற்கு முக்கியக் காரணம்.

2014 மார்ச்சில் 12 விமானங்களுக்கு ஏறத்தாழ 1,890 கோடி பெசோ மதிப்பில் பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் செய்தது. முதல் இரண்டு விமானங்கள் 2015 நவம்பர் 28 அன்று கிளார்க் தளத்தில் இறங்கின. கடைசி விமானங்கள் 2017-இல் வந்து சேர்ந்தன.

மராவி

2016-இல் பதவியேற்ற அதிபர் ரொட்ரிகோ துதெர்த்தே, இவ்விமானங்கள் விழாக்களில் பறக்க மட்டுமே உதவும் எனக் குறை கூறினார். ஆனால் 2017 சனவரியில் மிண்டனாவோ தீவில் ஆயுதக் குழுக்களின் மீது அவை குண்டு வீசின. அதே ஆண்டு மே 23 அன்று, இசுலாமிய அரசு அமைப்புக்கு ஆதரவான குழுக்கள் மராவி நகரைப் பிடித்தன. ஐந்து மாதம் நீடித்த முற்றுகையில் ஓவி-10 என்ற பழைய விமானங்களுடன் எஃப்ஏ-50 விமானங்களும் தாக்குதல்களில் ஈடுபட்டன.

சூலை 12 அன்று ஒரு எஃப்ஏ-50 வீசிய குண்டு இலக்குத் தவறிச் சொந்தப் படையினரின் அருகே விழுந்தது. இரு படைவீரர்கள் இறந்தனர். 11 பேர் காயமடைந்தனர். கட்டடங்கள் நெருங்கிய நகரில், எதிரியும் தன் படையும் சில நூறு மீட்டர் இடைவெளியில் நிற்கும்போது, வேகமான ஜெட்டிலிருந்து வீசும் குண்டில் சிறு பிழையும் உயிர்ப்பலி கொள்ளும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. முற்றுகை முடிந்தபோது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். நகரின் மையப்பகுதி இடிபாடாகிக் கிடந்தது.

வரம்புகளும் தொடர்ச்சியும்

எஃப்ஏ-50 ஏறத்தாழ மாக் 1.5 வேகத்தில் பறக்கக்கூடியது. ஆனால் பயிற்சி விமானத்தின் சிறிய உடல் அதற்கு எல்லை வகுக்கிறது. எரிபொருள் கொள்ளளவு குறைவு. சிறிய மூக்கில் பெரிய ராடாருக்கு இடமில்லை. பிலிப்பைன்ஸ் முதலில் பெற்ற விமானங்களில் பார்வைக்கு அப்பால் தாக்கும் வான் ஏவுகணைகள் இல்லை. கனரகப் போர் விமானங்களை நேருக்கு நேர் எதிர்க்க இவை போதா.

ஆயினும் வாங்கும் நாடுகள் பெருகியுள்ளன. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் டி-50 வகை விமானங்களையும், ஈராக் அதன் போர் வடிவத்தையும் பெற்றன. போலந்து 2022-இல் 48 விமானங்களுக்கும், மலேசியா 2023-இல் 18 விமானங்களுக்கும் ஒப்பந்தம் செய்தன. மலேசியாவின் தேர்வில் இந்தியாவின் தேஜஸ் விமானமும் போட்டியிட்டது. எஃப்ஏ-50, தேஜஸ் ஆகிய இரண்டையும் இயக்குவது எஃப்404 என்ஜின் வகையே.

2025 மார்ச்சில், தரைப்படைக்கு ஆதரவாக இரவில் பறந்த ஒரு பிலிப்பைன்ஸ் எஃப்ஏ-50, புக்கிட்னோன் மாகாண மலைப்பகுதியில் விழுந்து இரு விமானிகளும் உயிரிழந்தனர். அடுத்த மாதம், 20 எஃப்-16 விமானங்களைச் சுமார் 558 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸுக்கு விற்க அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் சூனில் பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் செய்தது மேலும் 12 எஃப்ஏ-50 விமானங்களுக்கே. மதிப்பு சுமார் 70 கோடி டாலர். இரு தொகைகளிலும் அடங்கும் ஆயுதங்களும் சேவைகளும் வேறானவை என்றாலும், இடைவெளியின் அளவு தெளிவானது.

எஃப்ஏ-50 பிலிப்பைன்ஸின் கடல் தகராறைத் தீர்க்கவில்லை. 2005-இல் அறுந்துபோன தொடர்ச்சியை அது மீட்டுத் தந்தது. ஜெட் விமானிகளும், அவர்களுக்குக் கற்பிப்போரும், விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் தரைப் பணியாளர்களும் மீண்டும் உருவாயினர். பெரிய போர் விமானத்தை என்றேனும் வாங்கும் நாட்டிற்கு முதலில் தேவைப்படுவோர் அவர்களே.